பி.எல்.ஏ. சாரத்தை டி.எஸ்.சி.யில் அளப்பது எப்படி?

பி.எல்.ஏ.வில் (பாலிலாக்டிக் அமிலம் என்னும் பாலிமர்) நானோ ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் உள்ள வகைக் கால்சியம் பாஸ்பேட் கனிமம்) கலந்து, எலும்புத் திசு வளர நுண்துளைச் சாரம் (செல்கள் பற்றி வளரும் தாங்குசட்டகம்) செய்து முடித்தவர்களுக்கான குறிப்பு இது. செய்முறைக்குள் போகவில்லை, நேராக டி.எஸ்.சி. அளவீட்டுக்கு வருவோம்; சூடாக்கும்போது மாதிரி எடுக்கும், விடும் வெப்பத்தை அளக்கும் கருவி அது.

முதலில் ஈரம். பினாங்குத் தீவிலிருந்து பெருநிலப் பக்கமுள்ள நிபோங் திபால் ஆய்வகத்துக்கு மாதிரியைச் சாதாரணப் பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போனால் பினாங்குக் காற்றின் ஈரத்தையும் சேர்த்தே அளப்பீர்கள். வெற்றிட அடுப்பில் 40 டிகிரியில் ஓர் இரவு உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடி எடுத்துப் போங்கள். சீக்கிரம் காயட்டும் என்று 60-க்கு ஏற்ற வேண்டாம். பி.எல்.ஏ.வின் கண்ணாடி நிலைமாற்றமே (விறைப்பு விட்டு இளகத் தொடங்கும் வெப்பநிலை) 55–65 டிகிரிதான்.

அடுத்து டி.ஜி.ஏ., அதாவது சூடாக்கும்போது எடை எவ்வளவு குறைகிறது என்று அளப்பது. பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், நான் முதலில் செய்யச் சொல்வேன். காற்றில், நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் 600 வரை சூடாக்கினால் பாலிமர் எரிந்துபோகும், ஹைட்ராக்ஸிஅபடைட் மிஞ்சும். அந்த மிச்சம்தான் உண்மையான நிரப்பி (பாலிமரில் கலந்த துகள்) அளவு. கலக்கும்போது 20 சதவீதம் போட்டிருக்கலாம். ஆனால் கரைசலில் நானோத் துகள் அடியில் படியும், சாரத்தின் மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் கணக்கு வேறாகும். ஆகவே டி.எஸ்.சி.க்கு எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதற்கும் வெட்டுங்கள். வெட்டக் கத்தரிக்கோல் சரிப்படாது, துளைகள் நசுங்கும்; 4 மி.மீ. பயாப்ஸி பஞ்ச் (வட்டமாக வெட்டியெடுக்கும் மருத்துவக் கருவி) நல்லது.

டி.எஸ்.சி.க்கு 5 மி.கி. போதும். தட்டின் அடியில் தட்டையாகப் படிய வேண்டும். நைட்ரஜனில் 20-லிருந்து 200 டிகிரி வரை, அதே 10 டிகிரி வேகம். சாரம் இப்போது இருக்கும் நிலையைக் காட்டுவது முதல் சூடேற்றம்தான். ஒருமுறை உருகிவிட்டதால், இரண்டாவதில் அதன் பழைய வரலாறு அழிந்திருக்கும்.

இனி, பாலிமரில் எத்தனை சதவீதம் படிகமாக இருக்கிறது என்ற கணக்கு. உருகு வெப்பத்திலிருந்து குளிர்ப்படிக வெப்பத்தை (சூடேற்றும்போதே புதிதாகப் படிகமாகி வெளிவிடும் வெப்பம்) கழித்து, 93-ஆலும் (முழுக்கப் படிகமான பி.எல்.ஏ.வின் உருகு வெப்பம், கிராமுக்கு ஜூல்) பாலிமர் பங்காலும் வகுக்க வேண்டும். உருகு வெப்பம் கிராமுக்கு 30 ஜூல், குளிர்ப்படிகம் 11.4, பாலிமர் பங்கு 0.8 என்று வைத்துக்கொள்வோம். 18.6-ஐ 74.4-ஆல் வகுத்தால் 25 சதவீதம். பாலிமர் பங்கை விட்டுவிட்டால் 20 சதவீதம்தான் வரும். அப்புறம் ‘நிரப்பி படிகமாவதைத் தடுத்தது’ என்று இல்லாத முடிவு ஒன்றை எழுதிவிடுவீர்கள். அந்தப் பங்கை டி.ஜி.ஏ.விலிருந்து எடுங்கள், கலவைக் கணக்கிலிருந்து அல்ல.

பின்சேர்க்கை: 60 டிகிரிப் பக்கம் கூர்மையாக ஓர் உச்சி வருகிறதே, உருகுகிறதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். இல்லை. நாள்பட வைத்த பி.எல்.ஏ. தளர்வதால் வருவது அது, இரண்டாவது சூடேற்றத்தில் காணாமல் போகும். பி.சி.எல். (பாலிகேப்ரோலாக்டோன் என்னும் பாலிமர்) கலந்திருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள், அது உண்மையிலேயே 60-ஐ ஒட்டி உருகும். கைட்டோசானில் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) சாரம் செய்பவர்கள் உருகு உச்சியைத் தேட வேண்டாம். அது உருகாமலே சிதையும். 100-ஐச் சுற்றி அகலமாகத் தெரிவது தண்ணீர்.