‘நீங்க சொல்லலையே சார்’: பிள்ளைகளுக்குக் கார் பழக்கும்போது செய்யும் தவறுகள்

கும்பகோணம் பக்கம் இருபது வருடமாக டிரைவிங் சொல்லித்தருகிறேன். போன வாரம் முன்னால் ஒரு ‘எல்’ போர்டு கார். ஓட்டியது காலேஜ் பையன், பக்கத்தில் அப்பா. “மாடு, மாடு! பிரேக் பிடிடா!” என்ற சத்தம் என் வண்டி வரை கேட்டது. நானும் அப்படிக் கத்தியவன்தான்.

சீட் பெல்ட், செல்போன் எல்லாம் உங்களுக்கே தெரியும். விடுங்கள்.

பிள்ளைக்குப் பதில் நாம் பார்ப்பது

ஒரு தை மாதம், சம்பா அறுவடை நேரம். சுவாமிமலையிலிருந்து திருவையாறு போகும் சாலை. அந்தப் பெண்ணுக்கு இருபதாவது நாள். கியர், கிளட்ச் எல்லாம் சுத்தம். எனக்குத் தொண்டை கட்டியிருந்ததால் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே பாதி ரோட்டில் நெல் காய்கிறது, ஓரத்தில் வரிசையாகக் கருங்கல். நேராக அதை நோக்கிப் போகிறாள். என் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். முன் சக்கரத்துக்கும் முதல் கல்லுக்கும் ஒரு முழம்தான் இருந்தது. திட்ட வாயெடுத்தால், “நீங்க சொல்லலையே சார்” என்கிறாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இருபது நாளாக என் குரலுக்குப் பிரேக் பிடிக்கத்தான் பழகியிருக்கிறாள். (அப்பாக்களின் காரில் அந்த இரண்டாவது பிரேக்கும் கிடையாது.)

இப்போது ஓட்டுகிறவர்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். “நெல் காயுது” என்றால் போதாது. “நெல் காயுது, எதிர்ல வர்ற பஸ் என் பக்கம் ஏறும்” என்று சொன்னால்தான் விடுவேன். நெல்லை அள்ளிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 11 மீட்டர். இருட்டில் கல்லைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்தத் தூரம் ஓடிப்போயிருக்கும்.

பகலில் மட்டும் பழக்குவது

எல்.எல்.ஆர். எடுத்த 30 நாளில் டெஸ்டுக்குப் போகலாம்தான். ஆனால் அது ஆறு மாதம் செல்லும், என்ன அவசரம்? பொழுது சாயும் நேரத்தில் கூட்டிப்போங்கள். வைக்கோல் ஏற்றிய டிரெய்லருக்குப் பின்விளக்கு இருந்தாலும் வைக்கோலே மறைத்துவிடும்.

பதினெட்டு ஆகாத பிள்ளையிடம் சாவி

2019 சட்டத் திருத்தப்படி மாட்டுவது நீங்கள்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை.

ஆற்றங்கரை ரோட்டில் முதல் பாடம்

வேண்டாம். பல இடங்களில் தடுப்புச் சுவரே இல்லை. மேட்டூர் திறந்துவிட்டால் தண்ணீர் ரோட்டை ஒட்டியே ஓடும்.