ஒரே அணை, இரண்டு பேப்பர்: செய்தியில் சாய்வைக் கண்டுபிடிப்பது எப்படி?

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் உட்கார்ந்து, இரண்டு மாநிலமும் மல்லுக்கட்டும் முல்லைப் பெரியாறு அணைச் செய்தியைத் தமிழ்ப் பேப்பரிலும் மலையாளப் பேப்பரிலும் படித்தால், மொத்தம் இரண்டு அணை இருக்கிறதோ என்று சந்தேகம் வரும். 'எல்லாப் பேப்பரும் விலை போயாச்சு' என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுவது சுலபம். எவ்வளவு சாய்வு, எந்தப் பக்கம் என்று நாமே பார்த்துவிடலாம். நான் செய்கிற முறை இது.

படி 1: ஆவணம் உள்ள செய்தியாக எடுங்கள்

தீர்ப்பு, அரசாணை, விசாரணை அறிக்கை மாதிரி ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். 2014 மே 7 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நல்ல பயிற்சி. அது சொன்னது மூன்று: அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம், 136 அடிக்குமேல் தேக்கக் கூடாது என்று 2006-ல் கேரளம் கொண்டு வந்த சட்டத் திருத்தம் செல்லாது, மேற்பார்க்க மூவர் குழு போட வேண்டும். இந்த மூன்றில் தலைப்புக்குப் போனது எது, கடைசிப் பத்திக்குப் போனது எது, வராமலே போனது எது என்று பாருங்கள்.

படி 2: ஒரே தேதி, எல்லைப் பக்கத்துப் பதிப்பு

தமிழில் மதுரைப் பதிப்பு, மலையாளத்தில் கோட்டயம் அல்லது இடுக்கிப் பதிப்பு. சென்னைப் பதிப்போடு ஒப்பிட்டு 'மறைச்சுட்டாங்க' என்று கத்தாதீர்கள், சென்னைக்காரருக்கு இது உள்பக்கச் செய்திதான். இணையதளத்தை நம்பாதீர்கள், காலையில் ஒரு தலைப்பு இருக்கும், சாயங்காலம் வேறு இருக்கும். அச்சான பக்கத்தை அப்படியே காட்டும் இ-பேப்பர்தான் என் கட்சி.

படி 3: யார் பேசினார், யார் பேசவில்லை

பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். 'பயங்கர', 'அதிரடி' போன்ற சொற்களுக்கெல்லாம் வட்டம் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். அதெல்லாம் சும்மா வாசனைப் பொடி. ஆப் எதுவும் வேண்டாம், கோடு போட்ட நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: யார் பேசியது, எத்தனை வரி, எத்தனையாவது பத்தி.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். முல்லைப் பெரியாறில் திடீரென்று தண்ணீர் திறந்துவிட்டதும் ஒரு காரணம் என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, தமிழகம் மறுத்தது, அளவுக்கு மீறிய மழைதான் முக்கியக் காரணம் என்று மத்திய நீர்வள ஆணையம் பிறகு அறிக்கை கொடுத்தது. குற்றச்சாட்டை முதல் பக்கத்தில் பத்து வரி போட்டு, மறுப்பைக் கடைசியில் ஒரு வரியாகச் செருகினால் அதில் ஒரு பொய்கூட இருக்காது, ஆனால் சாய்வு இருக்கும். மறுப்பைத் தலைப்பாக்கி, குற்றச்சாட்டு என்னவென்றே சொல்லாமல் விட்டாலும் அதே கதைதான்.

இப்போது நான்காவது கட்டம் போடுங்கள்: யார் பேசவே இல்லை? நீர்மட்டம் 136 அடியைத் தொட்டால் இங்கே 'விவசாயிகள் மகிழ்ச்சி', அங்கே 'கரையோர மக்கள் அச்சம்'. இரண்டும் உண்மைதான். ஆனால் கேரளப் பக்கம் வண்டிப்பெரியாறில் ஆற்றோரம் குடியிருப்பவர் தமிழ்ப் பேப்பரில் வாய் திறப்பதும், தமிழகப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் வரக் காத்திருப்பவர் மலையாளப் பேப்பரில் வாய் திறப்பதும் அபூர்வம். எனக்கு மற்ற மூன்று கட்டத்தையும்விட இந்தக் கட்டம்தான் அதிகம் சொல்கிறது.

படி 4: மாநிலச் சாய்வு வேறு, கட்சிச் சாய்வு வேறு

அணை விஷயத்தில் அந்தந்த மாநிலக் கட்சிகள் பெரும்பாலும் ஒரே பக்கம் நிற்பதால் கட்சிச் சாய்வு தெரியாது. அதற்கு மாநில பட்ஜெட் மாதிரி உள்ளூர் விஷயம் எடுக்க வேண்டும். மலையாளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் தேசாபிமானியையும் காங்கிரஸ் பக்கத்து வீக்ஷணத்தையும் அளவுகோலின் இரண்டு முனையாக வைத்துக்கொண்டு, பொதுப் பேப்பர் நடுவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கட்சிப் பேப்பரைக் கேவலமாக நினைக்காதீர்கள், அவர்கள் யார் பக்கம் என்பதை ஒளிக்கவில்லை. அணைச் செய்தி வரும் நாளில் தேசாபிமானியையும் அதே கட்சியின் தமிழ்ப் பேப்பரான தீக்கதிரையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். கட்சி ஒன்று, மாநிலம் இரண்டு. எது ஜெயிக்கிறது என்று நோட்டில் தெரிந்துவிடும்.

முதலாளி யார் என்று தெரிய வேண்டுமா? பழைய மார்ச் மாதப் பேப்பர்களில் 'படிவம் 4' என்று பொடி எழுத்தில் உரிமையாளர் விவரம் போட்டிருப்பார்கள்.

பிற்சேர்க்கை: மலையாளம் தெரியாதவர்கள் மொபைல் கேமராவில் மொழிபெயர்த்துப் படிக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். மேலோட்டமாகப் புரிந்துகொள்ள சரி. படி 3-க்கு ஆகாது, 'என்று அவர் குற்றம் சாட்டினார்' என்கிற வாலைச் சிலசமயம் அது தின்றுவிடும், குற்றச்சாட்டு செய்தியாகிவிடும். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் அந்த ஒரு பத்தியை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தலைப்பு வைப்பது பெரும்பாலும் அலுவலகத்தில் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் இருக்கிற துணை ஆசிரியர். தலைப்பைப் பார்த்துவிட்டு உள்ளூர் நிருபர் அண்ணனிடம் சண்டைக்குப் போகாதீர்கள், பாவம், அவரே காலையில் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.