ஜீப்பின் கிராஸை வீட்டிலேயே மாற்றுவது

கிளட்சை விட்டதும் வண்டிக்கு அடியில் ‘டங்’ என்று ஒரு அடி. மெதுவாக உருளும்போது குருவி கத்துகிற மாதிரி கீச்கீச். இந்த இரண்டும் கேட்டால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ திட்டுவதற்கு முன்னால் கீழே படுத்து, கியர்பாக்ஸ் பக்கமிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளக் குழாயான புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைப் பாருங்கள். யுனிவர்சல் ஜாயிண்ட் என்று புத்தகத்தில் போட்டிருப்பதை நம் ஊர் பட்டறையில் யு.ஜே. கிராஸ் என்பார்கள், சுருக்கமாக கிராஸ். கூட்டல் குறி மாதிரி நான்கு கால், ஒவ்வொரு கால் மேலும் ஒரு கப், கப்புக்குள் வரிசையாக நீடில் என்கிற மெல்லிய உருளைக் கம்பிகள்.

எங்கள் வீடு சென்னை வில்லிவாக்கம். அப்பா 1989-ல் வாங்கிய மஹிந்திரா ஜீப்பை சேஸிஸ் வரைக்கும் கழற்றி, வாசல் போர்ட்டிகோவில் வைத்தே திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். பாதி கட்டிய வண்டி இரண்டு நாள் அந்தத் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால், பின் ஷாஃப்ட்டின் கிராஸ் கப்பைச் சுற்றி குங்குமம் கொட்டினது போல செந்தூள். விரலில் தடவினால் நறநறவென்று இருந்தது. அது வெறும் சேறு இல்லை. கப்புக்குள் இருக்கிற நீடில்கள் கிரீஸ் இல்லாமல் துருப்பிடித்து, அரைபட்டு, சீல் வழியாக வெளியே வந்த மாவு. அதைப் பார்த்துவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று நினைக்கவே கூடாது.

தூள் தெரியாவிட்டால் கையால் சோதிக்கலாம். வண்டியை நியூட்ரலில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, ஒரு கையில் யோக்கையும் (கிராஸின் கப்புகளைத் தாங்குகிற கவட்டை) மறு கையில் ஷாஃப்ட்டையும் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். இரண்டும் சேர்ந்து கொஞ்சம் ஆடினால் அது அச்சின் நடுவில் உள்ள கிரவுன் பல்சக்கரத்தில் இருக்கிற இடைவெளி, ஓரளவு எல்லா வண்டியிலும் இருக்கும். யோக் நிற்க ஷாஃப்ட் மட்டும் ஆடினால், அல்லது மேலும் கீழுமாகத் தூக்கும்போது கப்புக்குள் மயிரிழை அசைந்தாலும், கிராஸ் போய்விட்டது.

ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை. பழைய ஜீப் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. முன் பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட்டை எடுத்த நொடியில் ஹேண்ட் பிரேக்கும் போச்சு, கியரில் போட்டு வைத்ததும் போச்சு. வண்டி தானாக உருளும், கீழே இருப்பது நீங்கள். அதனால் கட்டையை முதலிலேயே கொடுங்கள், சமதளத்தில் நிறுத்துங்கள், தூக்க வேண்டியிருந்தால் இரும்பு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செங்கல் அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். செங்கல் ‘விரிசல் விடப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு உடைவதில்லை.

அடுத்து, அடையாளம். ஷாஃப்ட் எந்த முகத்தோடு எந்த முகம் சேர்ந்திருந்ததோ அப்படியே திரும்பப் போக வேண்டும். பெயிண்ட் கோடு மண்ணெண்ணெயில் கழுவும்போது அழிந்துவிடும். சென்டர் பஞ்சால் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி குத்துங்கள். நடுவில் நீண்டு சுருங்குகிற ஸ்லிப் ஜாயிண்ட்டிலும் அப்படியே. அதில் ஏற்கெனவே அம்புக்குறி இருந்தால் அதை நம்புங்கள்.

இந்த அடையாளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். சாய்வில் சுற்றும் ஒரு கிராஸ் சீராகச் சுற்றாது. ஒரு பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் 2 முறை வேகம் கூடி 2 முறை குறையும். 10 டிகிரி சாய்வில் சுமார் ஒன்றரை சதவீதம் கூடும், அதே அளவு குறையும். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள யோக்குகள் ஒரே தளத்தில் இருந்து, இரண்டு முனையின் சாய்வும் சமமாக இருந்தால், ஒன்று கெடுத்ததை மற்றது சரிசெய்துவிடும். ஸ்லிப் ஜாயிண்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டினாலே அந்தக் கணக்கு கெட்டு, புது கிராஸ் போட்ட பிறகும் வண்டி அதிரும். ஸ்பிரிங் பட்டையில் கூடுதல் இலை போட்டு வண்டியை உயர்த்தியவர்கள் இரண்டு முனையின் சாய்வையும் போனில் இருக்கிற லெவல் மானியாலேயே அளந்து பார்த்துவிடலாம்.

கப்பை யோக்கோடு பிடித்திருக்கிற யு-போல்ட்டைக் கழற்றியதும் பின் அச்சு ஹவுசிங் பக்கத்து இரண்டு கப்பும் பிடிப்பு இல்லாமல் நிற்கும். உடனே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிடுங்கள். கிராஸை மாற்றத்தானே போகிறோம், விழுந்தால் என்ன என்று தோன்றும். பழைய கப்பும் நீடிலும்தான் கடையில் அளவு காட்ட உதவும், தேய்மானம் எங்கே என்று சொல்வதும் அவைதான்.

ஷாஃப்ட்டை வைஸில் பிடிக்கும்போது குழாயை நெரிக்காதீர்கள், யோக்கைப் பிடியுங்கள். குழாயில் ஒரு சின்னக் குழி விழுந்தாலும் பேலன்ஸ் போய்விடும். அதில் ஒட்டியிருக்கிற சின்னத் தகடுகள் பேலன்ஸுக்காக வெல்டிங் செய்தவை, அழுக்கு என்று நினைத்து உளியால் தட்டிவிட வேண்டாம். மற்ற கப்புகளை வெளியே வராமல் பிடிக்கிற வளையமான சர்க்கிளிப் துருப்பிடித்திருந்தால் துரு எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். மறுநாள் கப்பின் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினால் சர்க்கிளிப்பின் மேல் இருக்கிற அழுத்தம் விடும், பிறகு பிளையரில் எளிதாக வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது தெறிக்கிற வேகம் சாதாரணமில்லை.

கப்பை வெளியே எடுக்க இரண்டு பாக்ஸ் ஸ்பேனர் போதும். கப்பைவிடக் கொஞ்சம் சின்னது ஒன்று, கப் முழுதாக உள்ளே போகிற அளவுக்குப் பெரியது ஒன்று. சின்னதை ஒரு கப்பின் மேலும் பெரியதை எதிர்ப்பக்கமும் வைத்து வைஸை முறுக்கினால், எதிர்ப்பக்கக் கப் பெரிய பாக்ஸுக்குள் நகர்ந்து வரும். திருப்பிப் போட்டு அடுத்தது. அசையவே மாட்டேன் என்றால் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் பிரஸ் இருக்கும், ஐந்து நிமிட வேலை.

கழற்றிய கிராஸைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு காலிலும் நீடில் அழுந்திய கோடுகள், மூங்கில் பாயில் படுத்து எழுந்த முதுகு மாதிரி வரிவரியாக இருக்கும். நகத்தை ஓட்டினால் தட்டும். இதை 90 டிகிரி திருப்பிப் போட்டால் இன்னும் ஓடும் என்றும், வெல்டிங் வைத்துக் கடைந்துவிடலாம் என்றும் யோசனை சொல்ல ஆள் இருக்கும். கேட்காதீர்கள். அந்தக் காலின் கடினம் மேல் தோலில் மட்டும்தான். அது போன பிறகு உள்ளே இருப்பது மிருதுவான இரும்பு. கிராஸைப் பழுது பார்ப்பது என்றால் புதிது போடுவது, அவ்வளவுதான். யோக்கின் துளை வேறு விஷயம். புதுக் கப் விரலால் தள்ளியதும் தொளதொளவென்று விழுந்தால் துளை தேய்ந்துவிட்டது. அதற்குள் பஞ்ச் குத்தி இறுக்குவது சில மாதத்துக்குத் தாங்கும், அப்புறம் கப்பே சுற்ற ஆரம்பிக்கும். யோக்கை மாற்றுங்கள்.

புது கிராஸுக்கு ஜி.பி. ரோடு, பழைய யோக்குக்குப் புதுப்பேட்டை. வண்டிப் பெயரை மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். பழைய வண்டியில் முன்பு யார் எதை மாட்டினார்கள் என்று தெரியாது. கப்பின் வெளி விட்டத்தையும், எதிரெதிர் கப்புகளின் மொத்த நீளத்தையும் வெர்னியரில் அளந்து, பழையதைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கிளிப் உள்ளே உட்கார்வதா வெளியே உட்கார்வதா என்பதையும் பாருங்கள்.

இனி மாட்டுவது. நான் தவறியது இங்கேதான். முதல் கப்பை அழுத்தினேன், இரண்டாவதையும் அழுத்தினேன், சர்க்கிளிப் உட்கார வேண்டிய பள்ளம் பாதிதான் தெரிந்தது. அவசரத்தில் சுத்தியலை எடுத்து இரண்டு அடி போட்டேன். கப்பின் அடி கீறிவிட்டது. ஷாஃப்ட்டோடு லேத் பட்டறைக்குப் போனதும், அங்கே இருந்த பெரியவர் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “தம்பி, உள்ளே நீடில் படுத்திருக்கு. நிக்க வேண்டியது படுத்துட்டா நீ எவ்வளவு அடிச்சும் போகாது.” பிரித்துப் பார்த்தால் கப்பின் அடியில் ஒரே ஒரு நீடில் குறுக்கே கிடந்தது. குண்டூசியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி. அதற்காக ஒரு முழு கிராஸ் வீண்.

அதிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். துளையை எமரி தாளால் துடைத்து, பிசிர் எடுத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுவேன். ஒவ்வொரு கப்பிலும் நீடில்களை எண்ணி, லித்தியம் கிரீஸைச் சுவரில் கனமாகத் தடவுவேன். அந்தக் கிரீஸ்தான் அவற்றை நிற்க வைக்கிறது. கிராஸை யோக்குக்குள் நுழைத்த பிறகு முதல் கப்பைப் பாதி மட்டும் உள்ளே விட்டு, கிராஸின் காலைத் தூக்கி அந்தக் கப்புக்குள் கொடுப்பேன். கால் உள்ளே இருக்கிற வரை நீடில் சாய வழியில்லை. மறுபக்கக் கப்பை வைத்து, வைஸை மெல்ல முறுக்கிக்கொண்டே மற்றொரு கையால் கிராஸை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பேன். கை அதை உணர வேண்டும்: வழுக்கிக்கொண்டு போனால் சரி, திடீரென்று கெட்டியானால் நிறுத்தி, வெளியே எடுத்து, மறுபடி எண்ண வேண்டும். கிரீஸ் ஏற்றுகிற முனையான நிப்பிள் ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அழுத்துவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். தப்பாகப் போட்டால் கிரீஸ் கன் நுழையாது, கிரீஸ் போகாத கிராஸ் சீக்கிரம் சாகும்.

சர்க்கிளிப்புகள் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததும் யோக்கின் காதுகளில் செப்புச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அழுத்தியதில் உள்பக்கம் நெருங்கிய காது விலகி, கப் சர்க்கிளிப்போடு போய் ஒட்டும். அதுவரை விறைத்துக்கொண்டிருந்த ஜாயிண்ட் அந்தத் தட்டில் இளகுவதைக் கையிலேயே உணரலாம். எல்லாத் திசையிலும் ஒரே இறுக்கத்தில், எங்கும் தடுக்காமல் மடங்கினால் வேலை சரி. பிறகு கை கன்னால் கிரீஸ் அடியுங்கள், நான்கு சீலிலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும் வரை. ஒரு சீலில் மட்டும் வராவிட்டால் ஜாயிண்ட்டை அந்தப் பக்கம் மடக்கி ஆட்டிக்கொண்டே அடித்தால் பெரும்பாலும் வரும்.

வண்டியில் மாட்டும்போது பஞ்ச் புள்ளிகளைச் சேருங்கள். யு-போல்ட் நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். ஒரேயடியாக முறுக்கினால் கப் நசுங்கி, உள்ளே நீடில் சுழலாது. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு அதே நட்டுகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

இந்த வருஷமும் ஐப்பசி பிறக்கும் முன்பே எல்லா நிப்பிளிலும் கிரீஸ் அடித்துவிட்டேன். தெருவில் தண்ணீர் தேங்கி அதில் வண்டி போனால், வடிந்த மறுநாளே இன்னொரு தடவை, பழைய கலங்கல் கிரீஸ் வெளியே தள்ளி நல்ல நிறம் வரும் வரைக்கும்.