மெலிந்த நீரைப் படமெடுத்தல்: கொல்லிமலை ஆகாய கங்கை

கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலருகே தொடங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கினால், ஐயாறு என்னும் ஆறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கையின் அடியை அடையலாம். வெள்ளம் பெருகும் நாட்களில் அங்கே சாரல்தான் படத்தை நிறைக்கும். மழை ஓய்ந்து, நீர் இழை இழையாகப் பிரிந்து இறங்கும் தை, மாசி மாதங்களின் வார நாட்களையே நான் பரிந்துரைப்பேன். ஆடிப்பெருக்கை ஒட்டிய நாட்களில் கூட்டம் மிகுதியாக இருக்கும்.

வெயில் நேராக விழுந்தால் நீர் வெளிறிப் பாறை கறுத்துவிடும் என்பதால், மேகம் மூடிய நேரத்துக்குக் காத்திருங்கள். கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 100இலும், லென்ஸ் துவாரத்தை எஃப் 8 முதல் 11 வரையிலும் வையுங்கள். எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சுருங்கும்; எஃப் 16ஐத் தாண்டினால் ஒளி அதன் விளிம்பில் சிதறிப் படத்தின் கூர்மை குறையும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் பில்டரை லென்ஸின் முன் பொருத்தி மெல்லச் சுழற்றினால் ஈரப்பாறையின் பளபளப்பு அடங்கி, பாசியின் பச்சை தெரியவரும். அது ஒளியையும் ஓரளவு குறைப்பதால் ஷட்டரை, அதாவது ஒளியை உள்ளே விடும் திரையை, இன்னும் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம்.

பலரும் பிழை செய்வது ஷட்டர் நேரத்தில்தான். அரை நிமிடம் திறந்து வைத்தால் பெருக்கெடுத்த அருவியும் மெலிந்த அருவியும் ஒரே வெள்ளைத் துணியாகிவிடும். இந்த அருவிக்கே உரிய இழைகள் அதில் கரைந்துபோகும். ஆகவே கால் நொடியில் தொடங்கி, அரை நொடி, ஒரு நொடி என்று எடுத்து, ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இழைகள் பிரிந்து தெரிகிற கடைசி நேர அளவே உங்களுக்கு உரியது. நீரின் வெண்மையில் விவரம் அழிந்திருந்தால் ஒளியளவை (எக்ஸ்போஷரை) மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.

முக்காலியின் கால்களை ஓடும் நீரில் ஊன்றாதீர்கள், நீரின் அதிர்வு படத்தில் இறங்கிவிடும். விரல் அழுத்தும் அசைவைத் தவிர்க்க 2 நொடி டைமர் போதும். கைப்பேசி மட்டும் இருந்தால், புரோ முறையில் ஐஎஸ்ஓவையும் ஷட்டர் நேரத்தையும் நீங்களே வைத்துப் பாறைமீது சாய்த்து எடுக்கலாம்.

சாரல் லென்ஸில் படியாதிருக்க, சட்டகம் அமைக்கும் வரை மூடியைத் திறக்க வேண்டாம். பருத்தித் துணி இரண்டு வைத்திருங்கள், ஒன்று நனைந்தபின் அது துடைக்காது, தேய்க்கும். மேலே ஏறியதும் கேமராவைப் பையில் அடைக்காமல், நிழலில் காற்றாட உலரவிடுங்கள்.