சைல்ட் பெனிஃபிட்டும் தாயின் ஓய்வூதியமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரித்தானியாவில் குழந்தை பிறந்த தமிழ்க் குடும்பங்களுக்குப் படிவம் நிரப்ப உதவி வருகிறேன். பிறப்புச் சான்றிதழை இணைக்க மறப்பதும் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகுவதும் ஒரு கடிதத்தில் சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பிள்ளை வளர்ப்பவருக்கு அரசு தரும் சைல்ட் பெனிஃபிட்டைக் கைச்செலவுக்கு வரும் சிறு தொகையாக மட்டும் பார்ப்பதால் நேரும் தவறுகள் அப்படிச் சரியாவதில்லை. அவை பல ஆண்டுகள் கழித்து, ஓய்வூதியம் கணக்கிடும் நாளில், பெரும்பாலும் தாயின் தலையில் விடிகின்றன.

2016 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ள புதிய ஸ்டேட் பென்ஷனை, அதாவது அரசு ஓய்வூதியத்தை, முழுமையாகப் பெறப் பொதுவாக 35 ஆண்டு நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் பங்களிப்பு) பதிவு வேண்டும்; 10 ஆண்டுகளுக்குக் குறைந்தால் வழக்கமாக எதுவும் கிடைக்காது. சம்பள வேலைக்குப் போகாமல் பிள்ளை வளர்க்கும் ஆண்டுகளும் இந்தக் கணக்கில் சேர்வதற்காக, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சைல்ட் பெனிஃபிட் பெறுபவரின் பெயரில் அரசே கிரெடிட், அதாவது பங்களிப்புக் கட்டியதற்கு ஈடான பதிவு, செய்கிறது. பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு பதிவுதான்.

விண்ணப்பத்தில் கணவரின் பெயர்

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. இன்றும் எனக்கு ஆற்றாமை தருவதும் இதுதான். வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் கணவரே பார்ப்பார். வரி, வங்கி, வாடகை எல்லாம் அவர் பெயரில் இருக்கும். அந்தப் பழக்கத்திலேயே சைல்ட் பெனிஃபிட் விண்ணப்பமும் அவர் பெயரில் போய்விடும். அவர் முழுநேர வேலையில் இருப்பவர். அவருடைய சம்பளத்திலிருந்தே நேஷனல் இன்சூரன்ஸ் பிடிக்கப்பட்டு, அந்த ஆண்டு ஏற்கெனவே நிறைந்திருக்கும். நிறைந்த ஆண்டின் மேல் விழும் கிரெடிட்டால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அது தேவைப்படும் மனைவிக்கோ தானாகப் போய்ச் சேராது.

ஒரு தம்பதி தங்கள் பதிவுகளை அச்சிட்டுக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்கள். கணவரின் தாளில் எல்லா ஆண்டுகளும் நிறைந்திருந்தன. மனைவியின் தாளில், மூத்த பிள்ளை பிறந்த ஆண்டிலிருந்து வரிசையாக, ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே “முழுமையான ஆண்டு அல்ல” என்ற பொருளில் ஒரே வரி. அவர் வீட்டில் சும்மா இருந்தவரும் அல்லர். இரண்டு கடைகளில் பகுதிநேரமாக வேலை செய்திருந்தார். ஆனால் ஒவ்வொரு கடையிலும் கிடைத்த ஊதியம் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவுக்கான கீழ்வரம்பைத் தொடவில்லை. 2025-26இல் அந்த வரம்பு வாரத்துக்கு 125 பவுண்டு. தனித்தனி முதலாளிகளிடம் பெறும் ஊதியத்தைப் பொதுவாகக் கூட்டிப் பார்ப்பதில்லை என்பதால், இரண்டு வேலை செய்தும் ஓர் ஆண்டுகூடப் பதிவாகவில்லை. “காசு ஒரே வீட்டுக்குத்தானே அக்கா வருது, ஆரின்ர பேரில வந்தா என்ன?” என்று கணவர் கேட்டார். காசு ஒரே வீட்டுக்குத்தான் வருகிறது. ஓய்வூதியம் ஆளுக்கு ஆள் தனித்தனியாகத்தான் வரும். மணமுறிவு நேர்ந்தாலும், கணவர் முந்திப் போய்விட்டாலும், கையில் நிற்பது பெரும்பாலும் அவரவர் பதிவுதான்.

2025-26இல் முழு ஓய்வூதியம் வாரத்துக்கு 230.25 பவுண்டு. அதை 35ஆல் வகுத்தால், ஓர் ஆண்டுப் பதிவின் மதிப்பு வாரத்துக்கு ஏறத்தாழ 6.58 பவுண்டு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 342 பவுண்டு. அந்த 35இல் பத்து ஆண்டுகள் குறைந்தால் ஆண்டுக்கு 3,400 பவுண்டுக்கு மேல், வாழ்நாள் முழுதும் குறைகிறது. கைப்பணம் கட்டி நிரப்பலாம் என்றால், அதே 2025-26இல் தன்விருப்பப் பங்களிப்பு வாரத்துக்கு 17.75 பவுண்டு, ஆண்டுக்கு 923 பவுண்டு. அதுவும் வழக்கமாகக் கடந்த 6 ஆண்டுகளுக்கே முடியும்.

தவறு நடந்துவிட்டால், கணவர் தமது உரிமையை விட்டுக்கொடுத்து மனைவி பெயரில் புதிதாக விண்ணப்பிப்பது முதல் வேலை. கடந்த ஆண்டுகளின் கிரெடிட்டை மனைவிக்கு மாற்றித் தரச் சிஎஃப்411ஏ என்ற படிவம் இருக்கிறது. உரிய வரி ஆண்டுக்கு அடுத்த வரி ஆண்டு முடிவதற்குள் அதை அனுப்புவதே முறை. அதற்குப் பிறகு அனுப்பினால், தாமதத்துக்குச் சொல்லும் காரணம் ஏற்கப்படுமா என்று காத்திருக்க வேண்டியதுதான்.

“சம்பளம் அதிகம், அதனால் விண்ணப்பிக்கவில்லை”

2013 ஜனவரியில் உயர் வருமானத்தாருக்கான வரி வந்தபின் பரவிய தவறு இது. பெற்றோரில் ஒருவர் ஆண்டுக்கு 60,000 பவுண்டுக்கு மேல் ஈட்டினால் பெற்ற தொகையில் ஒரு பகுதியையும், 80,000 பவுண்டை எட்டினால் முழுவதையும் வரியாகத் திருப்ப வேண்டும். 2024 ஏப்ரல் வரை அந்தத் தொடக்க வரம்பு 50,000 பவுண்டாக இருந்தது. வாங்கித் திருப்பிக் கட்டுவானேன் என்று நினைத்துப் பலர் விண்ணப்பத்தையே தொடவில்லை. கிரெடிட் விண்ணப்பத்துக்கு உரியது, பணத்துக்கு அன்று. விண்ணப்பித்துவிட்டுப் பணம் வேண்டாம் என்று குறித்தால் வரியும் இல்லை, கிரெடிட்டும் நிற்கும். இப்படி இழந்த ஆண்டுகளை மீட்க வழி செய்வதாக 2023இல் அரசு அறிவித்தது. அதை நம்பி, இன்று பிறந்த குழந்தைக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது.

தள்ளிப் போடுவது

தாமதமாக விண்ணப்பித்தால், சைல்ட் பெனிஃபிட்டைப் பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் பின்தேதியிட்டுப் பெற முடியாது.

விசாவைப் பார்க்காமல் விண்ணப்பிப்பது

அரசு உதவி பெறத் தடை உள்ள விசாவில் இருப்பவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்த குடும்பங்கள் உட்பட, முதலில் குடிவரவு ஆலோசகரிடம் கேட்க வேண்டும். சைல்ட் பெனிஃபிட்டும் அந்தத் தடைக்குள் அடங்கும். தவறாகப் பெற்றால் விசாவுக்கே ஆபத்து.

பேரப்பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மா

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய், தாயின் ஆண்டும் அவருடைய சம்பளத்தாலேயே நிறைந்துவிடும் வீட்டில் அவருக்குக் கிரெடிட் தேவைப்படாது. 12 வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும், ஓய்வூதிய வயதை எட்டாத, இங்கேயே வசிக்கும் அம்மம்மாவுக்கு அதை மாற்றித் தரலாம், படிவம் சிஏ9176. ஊரிலிருந்து சில மாதங்களுக்கு வந்துபோகிறவர்களுக்கு இது பொருந்தாது.

2000ஆம் ஆண்டுக்கு முந்தைய விண்ணப்பங்கள்

2000 மே மாதத்துக்கு முன் சைல்ட் பெனிஃபிட் கேட்டவர்கள் நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணைத் தர வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. எண் இல்லாத விண்ணப்பங்களில், 1978 முதல் 2010 வரை இன்றைய கிரெடிட்டுக்குப் பதிலாக நடைமுறையில் இருந்த வீட்டுப் பொறுப்புப் பாதுகாப்பு (Home Responsibilities Protection) பலருடைய பதிவில் ஏறாமலே போனது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து இங்கே பிள்ளை பெற்ற தாய்மார் இன்று ஓய்வூதிய வயதில் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் பதிவை எடுத்துப் பார்த்து, அந்த ஆண்டுகள் காலியாக இருந்தால் சிஎஃப்411 படிவம் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே ஓய்வூதியம் பெறுபவர்களும் அனுப்பலாம்.