பருவுக்கு ஊசி போடப் போகிறீர்களா?

எம்.சி. ரோட்டில் புடவை எடுத்து, பிளவுஸ் தைக்கக் கொடுத்து, பத்திரிகையும் வைத்து முடித்த பிறகுதான் கல்யாணப் பெண்ணின் தாடையில் கோலிகுண்டு மாதிரி ஒரு பரு கிளம்பும். "ஒரு ஊசி போட்டா அமுங்கிடுமாமே" என்று யாராவது சொல்வார்கள். பொய் இல்லை. ட்ரையாம்சினோலோன் என்கிற ஸ்டீராய்டு மருந்தைப் பருவுக்குள் துளியளவு செலுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீக்கமும் வலியும் அடங்கும். அதற்காக முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை போய் நிற்காதீர்கள். ஒரு வாரமாவது கையில் இருக்கட்டும்.

அதைவிடப் பெரிய தவறு நடப்பது மருந்தின் வீரியத்தில். இந்த மருந்து மில்லிக்கு 10, 40 மில்லிகிராம் என்ற அளவுகளில் வருகிறது. முகப்பருவுக்கு இரண்டுமே அதிகம். சலைன் கலந்து மில்லிக்கு 2.5 மில்லிகிராம் அளவுக்குக் குறைத்து, ஒரு பருவுக்கு 0.1 மில்லிக்குள் போடுவதுதான் வழக்கம். கலக்காமல் அப்படியே ஏற்றினால் அந்த இடத்தில் தோலும் அடிக்கொழுப்பும் மெலிந்து குழி விழும். என் சித்தி பெண்ணுக்கு நடந்தது இதுதான். தோல் டாக்டரிடம் போகாமல் தெருமுனை கிளினிக்கில் போட்டுக்கொண்டாள். பரு போனது, கன்னத்தில் பள்ளம் வந்தது. இப்படி விழும் குழி பெரும்பாலும் சில மாதங்களில் மெல்லத் தூர்ந்துவிடும். அவளுக்கு எட்டு மாதம் ஆனது. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் இடது கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்பாள்.

ஆழமாக, வலியோடு வரும் கட்டிப் பருவுக்குத்தான் இந்த ஊசி. சின்னப் பருக்களுக்கு வேண்டாம். புதுப் பரு வராமலும் இது தடுக்காது.

தழும்பு கதை வேறு. பரு விட்டுப்போன குழித் தழும்புக்கு இந்த ஊசி போடக் கூடாது, குழி இன்னும் ஆழமாகும். காது குத்திய இடத்தில் உருண்டையாக, நெஞ்சிலும் தோளிலும் பரு ஆறிய இடத்தில் தடிப்பாக வளருமே, கெலாய்டு, அதற்குத்தான். அங்கே மில்லிக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை வீரியம் தேவைப்படும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, பல தடவை. நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். முதல் ஊசியிலேயே பலருக்கு அரிப்பு குறைந்துவிடும். காசிமேட்டில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மறுபடி ஓபி சீட்டுக்கு யார் நிற்பது என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் பழையபடி தடிக்கும். "அறுத்து எடுத்துடுங்க டாக்டர்" என்பதும் சரிவராது; வெறுமனே அறுத்தால் முன்னைவிடப் பெரிதாக முளைப்பது சகஜம்.

ஊசி போட்ட இடம் வெளுத்தால் வெண்புள்ளி நோய் என்று பதற வேண்டாம், பெரும்பாலும் சில மாதங்களில் நிறம் திரும்பும். டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சர்க்கரை இருந்தால், கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இன்னொன்று. ஊசியே ஸ்டீராய்டுதானே என்று மெடிக்கலில் ஸ்டீராய்டு க்ரீம் வாங்கிப் பூசுகிறார்கள். தினமும் பூசினால் அதுவே பருவைக் கிளப்பும், தோலை மெலிய வைக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே பல ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் எச்-இல் சேர்த்தார்கள். "சிவப்பாகுற க்ரீம்" என்று கேட்டால் இன்னமும் எடுத்துக் கொடுக்கிற கடைகள் உண்டு.

சித்தி பெண் இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் ஊசி குத்துவதற்கு முன், "எவ்ளோ கலந்திருக்கீங்க டாக்டர்?" என்று கேட்டுவிடுகிறாள். ஒருத்தர் முறைத்தாராம். ஆனாலும் சொன்னாராம்.