தறியில் நின்ற கால்களுக்குத் தாய்லாந்து மசாஜ்

பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் ஷிப்ட் முழுக்க நின்று வீடு திரும்புவோருக்கு, 2019இல் யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற தாய்லாந்து மசாஜ் நன்கு பொருந்தும். எண்ணெய் வேண்டாம், தளர்வான உடையே போதும். பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துத் தரையில் விரித்து அமர்ந்து, ஒரு காலை மடக்கி, கணுக்காலிலிருந்து மேல்நோக்கிக் கெண்டைக்கால் சதையின் உட்புறத்தை, கைவலுவால் அமுக்காமல், உடலை முன்னே சாய்த்து அந்த எடையாலேயே கட்டைவிரல்களால் அழுத்துங்கள். ஓரிடத்தில் இரண்டு மூச்சு நின்று, மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் கூட்டி, விரற்கடை அளவு மேலே நகர வேண்டும். அவசரப்பட்டால் சதை இன்னும் இறுகிக்கொள்ளும் என்பதை என் கால்களிலேயே கண்டிருக்கிறேன். எலும்பின் மீதும் முழங்காலின் பின்குழியிலும் அழுத்தக் கூடாது. பிறகு கால்களைச் சுவரில் சாய்த்து ஐந்து நிமிடம் மல்லாந்து படுத்திருங்கள். நரம்புச் சுருட்டோ ஒற்றைக் காலில் வீக்கமோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.